பலகையில் உங்கள் பெயர், உள்ளே வேறு சரக்கு

அண்ணாச்சி,

நம் இசையிலிருந்து உங்கள் கிட்டாரை எடுத்துவிட்டார்கள். ஐந்தருவிப் பாதையில், நாம் பதிவைச் சும்மா கொடுத்தோமே, அதே விடுதியில்தான். அவர்கள் சமையலுக்கு ஏலக்காய் விற்க, மாதிரிச் சரக்கைக் காட்டப் போயிருந்தேன். வரவேற்பறையில் அருவிச் சத்தம் கேட்டது, அதனடியில் என் கீபோர்டு. நீங்கள் வரவேண்டிய இடத்தில் ஒரு புல்லாங்குழல் வந்தது. சுவரில் மட்டும் நம் இரண்டு பேர் பெயரும் போட்ட பலகை அப்படியே தொங்கியது.

மிளகில் பப்பாளி விதை கலப்பவனைக் கண்டால் எனக்கு எப்படி ஏறும் என்று உங்களுக்குத் தெரியும். இது அதைவிட மோசம். அதிலாவது பாதிக்கு மிளகு இருக்கும்.

வளைகுடாவில் ஓட்டல் இசைக்குழுவில் வாசித்துவிட்டு, அந்தப் பெடல் ஸ்டீல் கிட்டாரோடு தென்காசிக்குத் திரும்பினீர்கள். மேசை மாதிரி படுத்திருக்கும். கம்பிகள் மேல் இரும்புத் துண்டை வழுக்கிக்கொண்டே காலால் மிதியை அழுத்தினால், ஒரு சுரம் கரைந்து இன்னொன்றாகும். தறிக்காரர் வீட்டுப் பிள்ளை மிதியில் கால் வைத்தால் சொந்தக்காரர்கள் விடுவார்களா? "மச்சான், சேலை எப்ப எறங்கும்?" என்றார்கள். நீங்கள் தலை நிமிரவில்லை. "முந்தானை வந்துக்கிட்டு இருக்கு."

கடையத்துக் கல்யாண வரவேற்பில் பெண்ணின் தகப்பனார் மேடையேறி, பாட்டு எப்போது ஆரம்பிக்கும் என்று மரியாதையாகத்தான் கேட்டார். முடியப்போகிறது என்றீர்கள். அதோடு யாரும் நம்மைக் கல்யாணத்துக்குக் கூப்பிடவில்லை. தாளமில்லாமல் மெல்லப் பரவிக்கொண்டே இருக்கும் இந்த இசைக்கு ஆம்பியன்ட் என்று ஒரு பெயர் இருப்பதே பிறகுதான் நமக்குத் தெரிந்தது.

சீசனில் அருவியைப் பதிவு செய்வோம். பாறை காய்ந்த மாதங்களில் அதை ஓடவிட்டு, அதன் இரைச்சலுக்கு உங்கள் அடிக்கம்பியைச் சுருதி சேர்த்துக்கொண்டு வாசிப்போம். சாரல் தொடங்கிவிட்டால் கிட்டாருக்கு உறை போட்டுவிடுவீர்கள். "அதுவே வாசிக்குது. நாம எதுக்கு ஊடால?"

எனக்கு ஒரே சட்டம்தான் வைத்திருந்தீர்கள். நீங்கள் வழுக்கிப் போகும்போது நான் ஒரே சுரத்தில் நிற்க வேண்டும். "நான் போயிட்டு வாரேன். நீ அங்கனயே நில்லுலே."

அந்த வரவேற்பறையில் நான் அங்கனயேதான் நின்றுகொண்டிருந்தேன், அண்ணாச்சி. வராத ஆளுக்கு வழிவிட்டு.

மேலாளர் புதிதாக வந்தவர், ஆலங்குளத்துக்காரர். மசாஜுக்கு வருகிறவர்களுக்குக் கிட்டார் அழுகிற மாதிரி இருக்கிறதாம். அருவி, கீபோர்டு, கிட்டார் என்று தடங்களைத் தனித்தனியாகக் கொடுத்திருந்தோம் அல்லவா, அவருக்கு வேலை சுலபமாகிவிட்டது. "கெஸ்ட்டு சொல்லுதாங்க, நான் என்ன சார் செய்ய?" என்றார்.

"அப்ப பலகையில எதுக்கு அவுக பேரு?" என்று கேட்டேன்.

ஏதாவது தொகை போட்டுத் தருவதாகச் சொன்னார். அங்கேதான் எனக்குக் கொதித்துவிட்டது. இத்தனை வருஷம் வியாபாரம் செய்தவன், கேட்ட விலைக்கு மேலே கேட்டு வாங்கத் தெரிந்தவன். அன்றைக்கு ஒரு பைசா பேச வாய் வரவில்லை. நீங்கள் காலமான பிறகு உங்கள் இரும்புத் துண்டை அண்ணி என்னிடம்தான் கொடுத்திருக்கிறார்கள். சட்டைப் பையிலேயே கிடக்கும். அதை எடுத்து அவர் மேசையில் வைத்தேன். இதைப் பிடித்த ஆள் வாசித்ததைப் போடுவதென்றால் போடுங்கள், இல்லையென்றால் பலகையைக் கழற்றிக் கையில் கொடுங்கள், பதிவோடு ஏலக்காயும் என்னோடு வந்துவிடும் என்றேன்.

இரும்புத் துண்டைக் கையில் எடுத்துக் கனம் பார்த்தார். கொஞ்ச நேரம் ஏலக்காய் மாதிரியையும் பார்த்தார். எதற்காக இறங்கிவந்தார் என்று நான் கேட்கவில்லை.

பேசி முடித்தது இதுதான். புல்லாங்குழல் வெளியே. உங்கள் கிட்டார் ஓரிடம் குறையாமல் உள்ளே, அழுதாலும் சரி. எனக்குப் பணம் வேண்டாம். சீசனில் அருவி விழுகிற நாளெல்லாம் பாட்டுப் பெட்டியை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறந்துவைக்க வேண்டும்.