பொத்தானில் வைத்த பொட்டு

சம்பந்தியம்மா,

சந்தன வாசம் வருகிறது. சாமி அறையிலிருந்து இல்லை, என் உள்ளங்கையிலிருந்து. மாப்பிள்ளையின் கார் ஸ்டியரிங்குக்குள்ளிருந்து மெக்கானிக் சுரண்டிக் கொடுத்த துணுக்கு இது. நகத்தளவுதான். காய்ந்து, ஓரத்தில் குங்குமம் ஏறிக் கிடக்கிறது. ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டதும் உங்கள் கை மணக்கிறது.

இப்போதும் உங்களை 'நீங்கள்' என்றுதான் எழுதுகிறேன். அது உங்களுக்கான மரியாதை என்று நினைக்க வேண்டாம். என் மகள் வாழ்கிற வீட்டுக்குக் கொடுக்கிற மரியாதை.

அந்தக் கார் நாங்கள் செய்த சீர். மிளகாய்க் காட்டில் என் முதுகு காய்ந்து வாங்கினது. மதுரையிலிருந்து என் மகன் ஓட்டி வந்தான், நான் பக்கத்தில் இருந்தேன். பரமக்குடி தாண்டி நேர் ரோடு வந்ததும் ஸ்டியரிங்கில் ஒரு பொத்தானை அழுத்திவிட்டு, "ஆத்தா, காலை எடுத்துட்டேன் பாரு" என்றான். குனிந்து பார்த்தேன். கால் சும்மா கிடந்தது. கார் அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. க்ரூஸ் கண்ட்ரோல் என்று பேர் சொன்னான். இந்தக் கண்ணால் பார்த்தேன்.

மறுநாள் நயினார்கோவிலில் வண்டிக்குப் பூஜை. குருக்கள் முகப்பில் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழத்தில் சக்கரத்தை ஏற்றி முடித்துவிட்டார். உங்களுக்குப் போதவில்லை. கிண்ணத்தோடு உள்ளே ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்கில் இருந்த ஒவ்வொரு பொத்தானிலும் சந்தனத்தை அப்பினீர்கள். "பொத்தான் பொத்தானா வைக்கணும். ஒண்ணை விட்டாலும் அது கோவிச்சுக்கிடும்" என்றீர்கள். சம்பந்திக்கு எவ்வளவு பக்தி என்று நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

கொஞ்ச நாளில் க்ரூஸ் நின்றுபோனது. விளக்கு மட்டும் எரியும், ஒரே வேகத்தைப் பிடித்து வைக்காது. மதுரையில் கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தார்கள், கோளாறே இல்லை என்றது. பிரேக்கை மிதித்திருப்பதாக வண்டி நினைத்துக்கொண்டாலும் இப்படி ஆகுமாம். பிரேக் சுவிட்சை மாற்றினார்கள். ஃப்யூஸையும் மாற்றினார்கள். ஒன்றும் ஆகவில்லை. வண்டி ஒவ்வொரு தடவை திரும்பி வரும்போதும் உங்கள் வாயில் ஒரு சொல் தயாராக இருந்தது.

உங்கள் வீட்டுக் காதுகுத்தில், சொந்தக்காரர்கள் நிறைந்த கூடத்தில் சொன்னீர்களே, நினைவிருக்கிறதா? "வண்டியும் கோளாறு, அது வந்த எடமும் கோளாறு." என் மகள் காபித் தட்டோடு நின்றாள்.

"எங்க வீட்டுலருந்து வரையில நல்லாத்தான் வேலை செஞ்சுச்சு. நான் கண்ணால பாத்தேன்" என்றேன்.

"அஞ்சாப்புப் படிச்ச கண்ணுக்கு அதெல்லாம் தெரியுதாக்கும்!"

எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தார். நான் காபியைத் தொடாமல் எழுந்து வந்தேன். அதற்குப் பிறகு தீபாவளி, பொங்கல் எல்லாவற்றுக்கும் என் மகள் பஸ்ஸில்தான் வந்தாள், இடுப்பில் பிள்ளையும் கையில் பையுமாக. "அந்த ஓட்டை வண்டியில ஆத்தா வீட்டுக்கு ஊர்வலம் வேணாம்" என்று சொன்னது நீங்கள்தானே?

நீங்கள் கண்ணை மூடியபோது வந்தேன். முறைக்கு அழுதேன். கண்ணில் தண்ணீர் வரவில்லை.

காரை விற்கப்போவதாக மாப்பிள்ளை பேச்செடுத்தார். நேற்று என்னை இராமநாதபுரத்தில் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்விட்டு, விற்பதற்கு முன் ஒருதரம் காட்டிவிடலாம் என்று வழியில் ஒரு மெக்கானிக்கிடம் நிறுத்தினார். அவன் ஒவ்வொரு பொத்தானாக அழுத்தச் சொல்லி மெஷினைப் பார்த்தான். மற்றதெல்லாம் காட்டியது, வேகத்தைப் பிடிக்கிற பொத்தான் மட்டும் காட்டவில்லை. பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தைப் பிரித்தவன் சிரித்துவிட்டான்.

"அண்ணே, உள்ள கும்பாபிஷேகமே நடந்திருக்கு!"

மாப்பிள்ளை முகம் சுண்டிப்போனது. நான் விடவில்லை. "இது எங்க மிளகாக் காட்டுல வெளைஞ்சதா மாப்ளே?"

சுரண்டிய சந்தனத்தைக் குனிந்து மோந்து பார்த்தார். பிறகு, "எங்கம்மா வச்சது, அத்தை" என்றார்.

துடைத்து மாட்டியதும் சாயல்குடி ரோட்டில் க்ரூஸ் பிடித்தது. காலை எடுத்துக் காட்டினார். "இனி விக்கல அத்தை" என்றார். எனக்கு அது போதவில்லை. உங்கள் தலைத்திவசத்துக்கு எல்லாரும் வருவார்கள், அதே கூடம், அதே சனம். என்ன சொல்ல வேண்டும் என்று வீடு வரும்வரை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மகளிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆத்தா, தெவசத்தன்னைக்கு இதை எடுத்துப் பேசிறாத. அவுக திருப்பிப் பேச முடியாத எடத்துல நீ செயிச்சு என்ன செய்யப்போற?" என்றாள்.

பாருங்கள், இப்போதும் அவள் உங்கள் பக்கம். பதிலுக்கு ஒரு வார்த்தை சொல்ல ஆள் இல்லாமல் என்னை இப்படி நிறுத்திவிட்டுப் போனீர்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மகளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். இங்கே பேச மாட்டேன். மன்னித்துவிட்டேன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். துணுக்கை முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறேன். சேலை மாற்றும்போதெல்லாம் அவிழ்த்து மறுசேலையில் முடிந்துகொள்வேன். நான் வரும்போது இதுவும் கூட வரும். அன்றைக்குச் சிரித்த சனத்தில் நாலைந்து பேர் இப்போது உங்களோடு அங்கேதான் இருக்கிறார்கள். அவர்களைக் கூட்டி உட்கார வையுங்கள். அத்தனை பேர் முன்னாலும் இதை உங்கள் உள்ளங்கையில் வைத்து, யார் வைத்த பொட்டு என்று கேட்பேன். நீங்கள் வாயைத் திறந்து பதில் சொல்ல வேண்டும்.