ஒரு நோட்டீஸுக்கு எண்பத்தேழு தாள்

ஹில்டா,

டீ ஃப்ளாஸ்க்ல இருக்கு. உன்னை எழுப்ப மனசு வரல.

நீ வாங்கிட்டு வந்த புது பிரிண்டரோட காலைல ஆறு மணியிலேர்ந்து மல்லுக்கட்டினேன். த்தூ! என் கம்ப்யூட்டரை ஓட்டுற ரிஸ்க் ஓஎஸ்ங்கிற பழைய மென்பொருளை ஊருக்கு நாலு பேர்தான் வச்சிருக்கோமாம். அது புது பிரிண்டரோட பேசறதுக்கான டிரைவர் புரோகிராமை எழுத எவனுக்கும் நேரமில்ல. சரி, பழைய பிரிண்டருக்கு அனுப்புற மாதிரியே அனுப்புவோம்னு காய்கறிக் கண்காட்சி நோட்டீஸை அனுப்பினேன். பழசு என் கம்ப்யூட்டர் சொல்ற கட்டளையைப் படிச்சு அழகாப் பக்கம் அமைக்கும். இந்தச் சனியன் அந்தக் கட்டளையையே வரிவரியா அடிச்சுத் தள்ளிடுச்சு. ஒரு பக்க நோட்டீஸுக்கு எண்பத்தேழு தாள்! இந்தச் சீட்டும் அதுல ஒண்ணோட பின்பக்கம்தான்.

பதினோரு மணிக்குக் கண்காட்சி நடத்துற வினிஃப்ரெட் நோட்டீஸ் வாங்க வருவா. நான் வர்ற வரைக்கும் டப்பால இருக்கிற கேக்கைக் கொடுத்து உட்கார வை. அந்தத் தாளையெல்லாம் கண்ணுல காட்டிடாதே, ஊர் பூரா சொல்லிச் சிரிப்பா.

நான் பழைய சாமான் விற்பனை நடக்குற சர்ச் ஹாலுக்குப் போறேன். அங்க விற்க நீ தூக்கிக் கொடுத்தியே என் பழைய பிரிண்டர், அதை வேற எவனாவது கொண்டுபோறதுக்குள்ள வரிசையில நின்னு நானே வாங்கணும். என் தலையெழுத்து!

நேத்து "குப்பையை வாங்கிட்டு வந்திருக்கே"ன்னு கத்தினது தப்புதான். ஆனா அது குப்பைதான்.

நெவில்

பி.கு. நீ வெளியே போனா சாவியைப் பூந்தொட்டிக்கு அடியில வை.

இன்னொண்ணு. எண்பத்தெட்டாவது தாளை மேசையில வச்சிருக்கேன், பார். என்னைக் கேக்காம அதுவா அடிச்சது, ஒரு எழுத்துப் பிழை இல்ல: "மை தீரப்போகிறது. புதியது வாங்கவும்."