தலைக்குள் காய்ப்பு விழாது

சின்ன காஞ்சிபுரம்
18-5-68

சிரஞ்சீவி ஆதிகேசவனுக்கு, நைனா சொல்லச் சொல்லப் பராங்குசம் வாத்தியார் எழுதுவது. வரதர் கடாட்சத்தில் இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீ அங்கே எப்படி இருக்கிறாய் என்பதுதான் விசாரமாக இருக்கிறது. பட்டாளத்தில் குத்துச்சண்டைக்கு உன்னை எடுத்திருப்பதாக நீ போட்ட கடிதத்தை வாத்தியார் இரண்டு தடவை படித்தார். பச்சை முட்டை குடிப்பது, பயிற்சி முடிகிறவரை தண்ணீர் தொடாமல் இருப்பது, கையில் துணி சுற்றாமல் மணல் மூட்டையைக் குத்துவது எல்லாம் கேட்டேன். குத்து வாங்கி வாங்கித் தலைவலி விடாமல் இருக்கிறது, பயிற்சி கொடுக்கிற உஸ்தாத் பழகிவிடும் என்கிறார், உங்கள் தோள் காய்த்துப்போகவில்லையா நைனா, அதுபோலத்தான் என்று எழுதியிருக்கிறாய். டாக்டரிடம் சொன்னால் பேரை அடித்துவிடுவார்கள் என்று மறைத்தும் வைத்திருக்கிறாய்.

பெருமாளைத் தூக்குகிறவனுக்கு முதல் வருஷம் தோள் வீங்கும், ஜுரம் வரும், அப்புறம் தோல் தடித்துவிடும், வாஸ்தவம். அது தோல். தலைக்குள்ளே அப்படி ஆகாது. ராஜகோபாலை உனக்குத் தெரியாது, நீ பிறக்கும் முன்பே போனவன், பெருமாள் வாகனத்துக்கு என்னோடு முன்தண்டு பிடித்தவன். மதராஸில் சூளைப் பக்கம் டிக்கெட் போட்டு நடக்கும் சண்டையில் குத்து வாங்கிக்கொண்டு வருவான். தலைவலி என்பான், காய்ச்சுக்கினு வருதுண்ணா என்பான், நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். கருட சேவை அன்றைக்குத் தேரடி திரும்பும்போது, அண்ணா இது எந்த ஊரு என்று கேட்டான். பின்தண்டு முருகேசன், இன்னாடா காலையிலேயே ஏத்திக்கினியா, பெருமாளையே கேளு, சொல்வாரு என்றான். எல்லோரும் சிரித்தோம். மத்தியானம் வாந்தி எடுத்தான். ஆஸ்பத்திரியில் மண்டைக்குள் ரத்தம் கட்டியிருக்கிறது என்றார்கள். மறுநாள் இல்லை.

உன் கடிதம் கேட்டதிலிருந்து எனக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. சாப்பிடுகிறேன், என்ன குழம்பு என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. உன் அம்மாவிடம் பையன் சவுக்கியம் என்று மட்டும் சொன்னேன். உன் தங்கை காந்தாவுக்கு ஆவணியில் பிரசவம். கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது.

இது கிடைத்த அன்றே டாக்டரிடம் போ. பேரை அடித்தால் அடிக்கட்டும். எவனாவது பயந்தாங்கொள்ளி என்றால், எங்க நைனாதான் பயந்தாங்கொள்ளி என்று சொல்லிவிடு. தாகம் எடுத்தால் தண்ணீர் குடி. தாயார் உன்னை நூறு வயசு வைத்துக் காப்பாற்றுவாள்.

பதில் உன் கையெழுத்திலேயே வரவேண்டும். கருட சேவை அன்றைக்குப் பெருமாள் கோயிலை விட்டுப் புறப்பட்டால் எந்தெந்தத் தெரு திரும்புவார், எங்கெங்கே நிற்பார், வரிசையாக எழுது. யாரையும் கேட்காதே. வாத்தியார் படிக்கட்டும், நான் கேட்டுக்கொள்கிறேன்.

உன் நைனா
வரதப்பன்
(இடது பெருவிரல் ரேகை)