நீலம் பாரித்த கிளட்ச் பிளேட்

2025 ஜூன் 12, வியாழன்

சரவணக்குமார் அண்ணாச்சியின் வெள்ளைக் கார் திரும்பி வந்துவிட்டது. ஒரு மாதம்கூட ஆகவில்லை. மே மாதம் நான்தான் அதில் புதுக் கம்ப்ரஸர் மாட்டினேன். ஒரு வருடம் உத்தரவாதம் என்று என் கையால் எழுதியும் கொடுத்தேன். இன்று அந்தக் கம்ப்ரஸர் சுற்றாமல் பூட்டிக்கொண்டு நிற்கிறது.

தாயில்பட்டிப் பக்கம் பட்டாசு தயாரிக்கும் பயர் ஆபீஸ் வைத்திருக்கிற மனிதர். அவர் ஒரு வார்த்தை சொன்னால் சிவகாசி முழுக்கப் போகும். என்னிடமே போனில் சொன்னார்: "பொம்பள கை வச்ச வேலை நிக்காதுன்னு சொன்னாக. நான்தேன் கேக்கல."

ஆமத்தூர் ரோட்டில் பதினொரு வருடமாகக் கார் ஏசி பார்க்கிறேன். ஆண்கள் கை வைத்துக் கெடுத்த கம்ப்ரஸர் எத்தனையோ பிரித்திருக்கிறேன். அப்போதெல்லாம் யாரும் கை ஆணா பெண்ணா என்று கேட்டதில்லை. என் பெயரை எடுத்தால் நான் விடமாட்டேன். விடவே மாட்டேன்.

ஜூன் 13, வெள்ளி

பிரித்துப் பார்த்தேன். எண்ணெய் கருகித் தார் மாதிரி கிடக்கிறது. பிஸ்டன் எல்லாம் உரசல்.

கம்ப்ரஸர் தானாகச் சாவதில்லை. வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. வண்டிக்குள் இருக்கிற சூட்டை வாங்கிக்கொண்டு வரும் கேஸை அது இழுத்து, அமுக்கி, கொதிக்கக் கொதிக்க முன்பக்கம் இருக்கும் கண்டென்ஸருக்குத் தள்ளும். கண்டென்ஸர் அந்தச் சூட்டைக் காற்றில் விட வேண்டும். அவ்வளவுதான் ஏசி. கேஸோடு எண்ணெயும் கூடவே சுற்றிவரும், பிஸ்டனுக்கு அதுதான் உயிர். கேஸ் கசிந்து குறைந்தால் எண்ணெய் திரும்பி வராது, காய்ந்து சாகும். எண்ணெயைப் பற்றி நினைக்காமல் கேஸ் மட்டும் ஏற்றிவிடுகிற புண்ணியவான்களாலும் சாகும். செத்ததின் தூளைக் கழுவாமல் புதிதை மாட்டினால் அந்தத் தூளே புதிதைத் தின்னும். கண்டென்ஸர் சூட்டை வெளியே விடாவிட்டால் அழுத்தம் ஏறி, எண்ணெய் கருகிச் சாகும்.

இதில் எண்ணெய் கருகியிருக்கிறது. ஆனால் கண்டென்ஸரைக் குனிந்து பார்த்தால் வெள்ளிப் பாத்திரம் மாதிரி பளபளக்கிறது. சேறு இல்லை, பூச்சி இல்லை. டிரைவர் பெத்தணன் அண்ணனைப் பாராட்டினேன். "தெனமும் காஞ்ச துணி வச்சுத் தொடச்சிருவேன்மா" என்று வெட்கப்பட்டுச் சிரித்தார்.

அப்படியென்றால் தப்பு என்னுடையதா? போன தடவை குழாயைச் சரியாகக் கழுவாமல் விட்டேனோ?

ஜூன் 16, திங்கள்

இரண்டு முறை கழுவி, வேறு கம்ப்ரஸர் மாட்டி, செலவை நானே ஏற்று அனுப்பினேன். மீட்டரில் அழுத்தம் கொஞ்சம் கூடுதல்தான். நம்ம ஊர் வெயிலுக்கு இது சகஜம்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மூன்றாவது முறை. கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். பானெட்டைத் திறந்ததும் கருகின ரப்பர் நாற்றம்.

ஆகஸ்ட் 6, புதன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும்.

முதலில் கிளட்ச். என்ஜின் ஓடினால் பெல்ட்டோடு புல்லி எப்போதும் சுற்றும். ஏசி போட்டால்தான் காந்தம் இந்த கிளட்ச் பிளேட்டை இழுத்துப் புல்லியோடு ஒட்ட வைக்கும், கம்ப்ரஸரும் சுற்றும். உள்ளே பூட்டிக்கொண்ட கம்ப்ரஸரோடு ஏசியை நிறுத்தாமல் ஓட்டினால், புல்லி சுற்றும், பிளேட் சுற்றாது. இரண்டும் உரசி, பிளேட் நெருப்பாகச் சிவக்கும், பொறி பறக்கும். கழற்றிக் கையில் எடுத்தேன். பிளேட்டின் முகம் முழுக்க நீலம் பாரித்திருந்தது. சிவந்து ஆறிய இரும்புக்குத்தான் அந்த நிறம் வரும்.

அப்புறம் கண்டென்ஸரைக் கழற்றிப் பின்னால் பல்பைப் பிடித்தேன். வெளிச்சம் வரவில்லை. ஒரு பொட்டுகூட வரவில்லை. விரலால் தடவினால் விரல் வெள்ளியாக வந்தது.

அட முட்டாளே. இரண்டு தடவை குனிந்து பார்த்துப் பளபளப்பு என்று பாராட்டினாயே, அது கண்டென்ஸரின் பளபளப்பு இல்லையடி. அலுமினியத்தின் மேல் அலுமினியத் தூள். சேறு என்றால் கண்ணுக்குத் தெரிந்திருக்கும்.

தண்ணீர்க் குழாயை எடுத்து அடிக்கப் போனேன். பெத்தணன் அண்ணன் ஓடி வந்து என் கையைப் பிடித்துவிட்டார். இத்தனை வருடத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

"தண்ணி தெளிக்காதீக. அது பட்டாசுக்குப் போடுற சில்வர் பவுடரு. மருந்து கலந்திருந்தா ஈரம் பட்டதும் சூடேறும்."

கார் ஓட்ட வரும் முன்னால் பதினாறு வருடம் பட்டாசு மருந்து அறையில் கலவை போட்டவராம். அங்கே முதல் பாடமே பவுடர் மேல் ஈரம் படக்கூடாது என்பதுதான். அதனால்தான் காரின் முன்பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடாமல், காய்ந்த துணியால் தினமும் தேய்த்திருக்கிறார். தேய்க்கத் தேய்க்கத் தூள் உள்ளே போய் அடைந்திருக்கிறது. நல்லது செய்கிறேன் என்று மூன்று கம்ப்ரஸரைக் கொன்றிருக்கிறார் பாவம்.

"காரு மேல சில்வர் எப்படிண்ணே வரும்?" என்றேன். திரும்பத் திரும்பக் கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பங்குனிப் பொங்கல் முடிந்ததிலிருந்து ஆர்டர் ஜாஸ்தி. மருந்து அறையில் இடம் போதவில்லை. கார் ஷெட்டுக்குப் பின்னால் மரத்தடியில் வைத்துத்தான் பவுடர் சலிக்கிறார்கள். முதலாளி காருக்குள்ளேயே ஏசி போட்டு உட்கார்ந்து மணிக்கணக்காகப் போன் பேசுவார். நின்ற இடத்தில் ஓடுகிற காரின் விசிறி எதிரே இருப்பதையெல்லாம் இழுக்கத்தானே செய்யும்.

"நேத்து இது பூட்டிக்கிட்டு நாறினது எங்கன வச்சு?"

"ஷெட்டுலதேன்மா."

சலிக்கிற இடத்துக்கும் ஷெட்டுக்கும் இருபது எட்டுதான் தூரம். சலிக்கிற பெண்களில் ஒருத்தி முருகம்மாள், பெத்தணன் அண்ணனின் மனைவி.

கொஞ்ச ஈரம்தான் சூடேற்றும், முழுக்கிவிட்டால் ஏறாது என்று அண்ணன் சொன்னபடி, கண்டென்ஸரைப் பின்பக்கத் தொட்டியில் நிறைய தண்ணீரில் முழுக்கிவிட்டு எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னேன். பிளேட்டை மட்டும் மேஜையில் வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

அண்ணாச்சி நேரில் வந்தார். என் வேலைச் சீட்டில் 'பழுதுக்குக் காரணம்' என்று ஒரு வரி உண்டு. அதில் டிரைவர் கவனக்குறைவு என்று எழுதச் சொன்னார். எழுதினால் என் பெயருக்கு வந்த பழி போய்விடும், மூன்றாவது கம்ப்ரஸருக்கு அவரே பணம் தருவார், மற்ற வண்டிகளையும் எனக்கே அனுப்புவார். பெத்தணன் அண்ணன் வேலை மட்டும் போகும். அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார், எல்லாம் காதில் விழும் தூரத்தில்.

இரண்டு மாதமாக என் பெயரை மீட்க வேண்டும் என்று துடித்தேன். மீட்டுக்கொள்ள ஒரே ஒரு வரி போதும். பொய் சொல்வானேன், ஒரு நிமிடம் யோசிக்கவும் செய்தேன்.

பேனாவை எடுத்து எழுதினேன்: 'கண்டென்ஸரில் அலுமினியத் தூள் அடைப்பு. தூள் சலிக்கும் இடத்தருகே என்ஜின் ஓட்டியது. அங்கேயே கிளட்ச் பிளேட் சிவந்து எரிந்துள்ளது.' தேதி போட்டு, ஹெப்சிபா ஜாபஸ் என்று முழுப் பெயரும் போட்டேன். பிளேட்டை அவர் முன்னால் நகர்த்தி வைத்தேன்.

"ஏம்மா, நீ ஏசி மெக்கானிக்கா, இல்ல இன்ஸ்பெக்டரா?"

"ஏன் செத்துச்சுன்னு கேட்டீக அண்ணாச்சி. சொல்லிட்டேன்."

"இந்தப் பேப்பர் வெளிய போச்சுன்னா உன் கடைக்கு ஒரு வண்டி வராது."

"போகாது. நீங்க சலிக்கிறதை உள்ள கொண்டு போங்க. இல்லேன்னா நானே கொண்டு போயி லைசென்ஸ் குடுக்குற ஆபீஸர் மேசையில வைப்பேன்."

சீட்டைக் கசக்கி எறிந்துவிட்டுப் போனார். கசங்கினது கார்பன் நகல்தான்.

ஆகஸ்ட் 9, சனி

என் வீட்டுக்காரர் ஜாபஸிடம் சொன்னேன். ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டு நர்ஸ் அவர். என்னைவிடக் கோபப்படுவார் என்று நினைத்தேன். "விட்ரு ஹெப்சி. நாம இங்கனதான இருந்தாகணும்" என்றார்.

"நீங்க யாருக்குக் கட்டுப் போடுறீகன்னு யோசிச்சுப் பாருங்க" என்றேன். அவரே சோறு போட்டுச் சாப்பிட்டுவிட்டு டியூட்டிக்குப் போய்விட்டார்.

ஆகஸ்ட் 11, திங்கள்

வெள்ளைக் காருக்கு என் செலவிலேயே வேறு கம்ப்ரஸரும் கண்டென்ஸரும் மாட்டி அனுப்பினேன். மேஜையில் வேலைச் சீட்டின் ஜெராக்ஸ் மூன்று இருக்கிறது. நான் எடுக்கவில்லை. ஜாபஸ்தான் டியூட்டிக்குப் போகும் முன் வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 18, திங்கள்

ஒரு வாரமாக வந்தது இரண்டே வண்டி. இரண்டும் வெளியூர்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஆராதனைக்குப் போனபோது கோயிலில் பின்வரிசைப் பெண்கள் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். வெளியே வந்ததும் ஒருத்தி கேட்டேவிட்டாள்: "பயர் ஆபீஸை இழுத்து மூட வைக்கப் போறியாமே?" நான் என்ன கேட்டேன்? சலிக்கிறதை உள்ளே கொண்டு போகச் சொன்னேன். அதுக்கு இம்புட்டுப் பேச்சா? பேசட்டும். நான் அதே வரிசையில் போய் உட்காருவேன்.

ஆகஸ்ட் 27, புதன்

முருகம்மாள் வந்தாள். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள். "சீசன் நேரத்துல ஆபீஸை மூடிட்டா நீங்க சோறு போடுவீகளா? எம்மகளுக்குப் பீஸ் கட்டுவீகளா? எங்க வீட்டு மனுசன் இனி அங்கன எப்படி நிப்பாக?"

கத்தி முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். கோபம் வரவில்லை. அவள் கேட்டது அத்தனையும் நியாயம். பிறகு பிளேட்டை எடுத்து அவள் கையில் வைத்தேன்.

திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. சூட்டைப் பற்றி என்னைவிட அவளுக்குத் தெரியும்.

"இது எங்கன வச்சு வெந்துச்சு?"

"உங்க கார் ஷெட்டுல. அஞ்சாம் தேதி மத்தியானம்."

"அன்னைக்கு நான் சலிச்சுக்கிட்டு இருந்தேன்" என்றாள். குரல் கீழே இறங்கிவிட்டது. பெஞ்சில் உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. "இதை நான் கொண்டு போறேன்" என்று சேலை முந்தியில் முடிந்துகொண்டு எழுந்தாள்.

"இரும்பை உள்ள விடமாட்டாகளே?"

"உள்ள எதுக்கு? கேட்டுலதான எல்லாரும் வரிசையா நிப்போம்."

ஆகஸ்ட் 29, வெள்ளி

தகவல் ஒன்றுமில்லை. பொறுமை இல்லை எனக்கு. திங்கள்கிழமை ஜெராக்ஸை எடுத்துக்கொண்டு நானே கிளம்பப் போகிறேன்.

செப்டம்பர் 1, திங்கள்

கிளம்பும்போது பெத்தணன் அண்ணனின் போன் வந்தது. வியாழக்கிழமை காலையில் கேட்டில், கொண்டை ஊசியும் கொலுசும் சோதிக்கிற வரிசையில், முருகம்மாள் பிளேட்டைக் கைக்குக் கை கொடுத்திருக்கிறாள். அன்று சலிக்கிற பெண்கள் யாரும் மரத்தடிக்குப் போகவில்லை. 'உள்ள இடம் குடுங்க, சலிக்கிறோம்' என்று கேட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். இவர் காரைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தி, "இதுக்கு மேல என்ஜின் வராது மொதலாளி" என்று சாவியை நீட்டியிருக்கிறார். அண்ணாச்சி சாவியை வாங்கவில்லையாம். கோபத்தில் இறங்கி வெயிலில் நடந்தே ஆபீஸுக்குப் போனாராம். சனிக்கிழமை மதியம் மருந்து அறைக்குப் பக்கத்து ரூமைக் காலி செய்து சலிக்கக் கொடுத்தார்கள்.

ஜெராக்ஸை மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினேன். கிழிக்கவில்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

வெள்ளைக் கார் வந்தது, சும்மா ஒரு சோதனைக்கு. அண்ணாச்சி அனுப்பவில்லை, பெத்தணன் அண்ணனே கொண்டுவந்தார். அண்ணாச்சி என்னோடு பேசுவதில்லை. மற்ற வண்டிகளை வேறு கடைக்குத்தான் அனுப்புகிறார். அனுப்பட்டும்.

பிளேட்டைத் திருப்பிக் கேட்டேன். "அது கேட்டுல ஆணியடிச்சுத் தொங்குதும்மா. எடுங்கன்னு மொதலாளி ரெண்டு தடவ சொல்லிப் பாத்தாக. ஒருத்தியும் எடுக்கல" என்றார்.

மீட்டரை மாட்டினேன். அழுத்தம் சரியாக இருந்தது, இந்த வெயிலிலும். குனிந்து கண்டென்ஸரில் விரலை வைத்துத் தடவினேன். விரல் சிவப்பாக வந்தது. வெறும் செம்மண் தூசி. குழாயை எடுத்து அண்ணன் கையிலேயே கொடுத்தேன். அவர் தண்ணீரைத் திறந்துவிட்டு, ஒரு எட்டுகூடப் பின்னால் போகாமல் நின்று கழுவினார்.