ஆந்தைக் காசு

12.11.59 வியாழன்

விடிந்ததிலிருந்து மழை. கரி நனைந்து உலை பிடிக்கவே நேரமாகிவிட்டது. நேர்த்திக்கடனுக்கு வெள்ளியில் கால் உரு ஒரு ஜோடி, தொட்டில் ஒன்று பாக்கி. வாங்க: பற்றவைக்க வெங்காரம், மூக்குப்பொடி.

மத்தியானம் மன்னவனூர் செல்லம்மாள் மகளோடு வந்தாள். பிள்ளைக்குப் பார்வை மங்கல். தாய் முந்தானையைப் பிடித்துக்கொண்டே நடக்கிறது. முந்தியிலிருந்து ஒரு வெள்ளிக்காசை அவிழ்த்து வைத்தாள். கொடைக்கானலில் வேலை பார்த்த வீட்டுத் துரைசாணி ஊருக்குப் போகும்போது கொடுத்ததாம். கிரேக்க நாட்டுக் காசு, ஏசு பிறக்கும் முன்னாலேயே அடித்தது என்றாராம்.

"ஆந்தை போட்டிருக்குங்க. இது வீட்டுக்கு வந்த பெறகுதான் புள்ளைக்குக் கண்ணு மங்குச்சு. உருக்கி ரெண்டு கண்ணு வச்ச வெள்ளிக் கண்மலரா அடிச்சுக் குடுங்க. முருகனுக்கே போட்டுர்றேன்."

ஞாயிறு வரச் சொன்னேன்.

13.11.59 வெள்ளி

மழை விடவில்லை. தொட்டிலைத் தொடவே இல்லை. காசும் கையுமாகவே பொழுது போனது.

நல்ல தடிமன். ஒரு பக்கம் தலைக்கவசம் போட்ட பெண் தெய்வம், உதட்டில் லேசான சிரிப்பு. மறுபக்கம் ஆந்தை, நேரே என்னைத்தான் பார்க்கிறது. கையால் அச்சு வெட்டி, சம்மட்டியால் அடித்த காசு. என்ன கை அது. பொறாமையாக இருக்கிறது.

உரைகல்லில் தேய்த்தேன். சுத்த வெள்ளி. உள்ளே செம்பு இருக்குமோ என்று உளியை எடுத்தால், ஆந்தையின் வால் பக்கம் ஏற்கெனவே ஒரு வெட்டு. பழசு, கறுத்துக் கிடக்கிறது. எந்தக் காலத்திலோ என்னைப் போல ஒரு சந்தேகப் பிராணி. சிரித்துவிட்டேன்.

இதை உலையில் போட மனசு வரவில்லை.

வீட்டுக்காரி: "வெளக்கு வைக்கிற நேரத்துல ஆந்தையக் கொஞ்சிக்கிட்டு இருக்கீங்களே, வெளங்குமா?"

15.11.59 ஞாயிறு

வெயில். செல்லம்மாள் வெள்ளனே வந்துவிட்டாள். சரி எடைக்குப் புது வெள்ளியில் கண்மலர் செய்து தருகிறேன், காசை எனக்குக் கொடும்மா என்று கேட்டே விட்டேன்.

"அது ஆகாதுங்க. இந்த வெள்ளியத் தர்றேன்னுதான வேண்டியிருக்கேன். மாத்துனா முருகன ஏமாத்துன மாதிரி ஆகாதா?"

உலையை ஊதினேன். அதற்குள் பிள்ளை காசைக் கேட்டு வாங்கி, விரலால் தடவியது.

"யம்மா, இதுல கண்ணு இருக்கு. ரெண்டு. பெருசு பெருசா."

செல்லம்மாள் மகளின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உருக்க வேண்டாங்க. கண்ணுதான் இருக்கே. இப்பிடியே போட்டுர்றோம்."

அச்சு வெட்டின மகராசன் எந்தத் தெருவில் கடை வைத்திருந்தானோ. பார்வை மங்கின பிள்ளையின் விரலுக்கும் தெரிகிற மாதிரி வெட்டியிருக்கிறான்.

கடையை வீட்டுக்காரியிடம் விட்டுவிட்டு நானும் அவர்களோடு முருகன் கோயிலுக்கு மலையேறினேன். உண்டியலில் பிள்ளைதான் போட்டது. கைக்கு வந்தது போய்விட்டதே என்று எனக்கு வருத்தம்தான்.

இறங்கும்போது பிள்ளை கேட்டது: "ஆந்தைக்கு இருட்டுலயும் கண்ணு தெரியுமாமே, நெசமாங்க?"

நல்லாத் தெரியும் என்றேன்.