சாம்பல் குதிரையும் ஒரு வாளித் தண்ணீரும்

அண்ணை,

இதைப் பென்சிலால் எழுதுகிறேன். பேனையை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். கோட்டு, கைப்பை, தண்ணீர்ப் போத்தல் எல்லாம் வெளியே லொக்கருக்குள் இருக்கின்றன. கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்ததும், இந்த அறைக்குப் பொறுப்பான பெண் அகலமான கறுப்புப் பெட்டியொன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்து மூடியைத் திறந்தாள். மாரி முடிந்து அலுமாரியைத் திறந்தால் வருமே, அந்த மாதிரி ஒரு பழந்தாள் வாசம். மேலே கிடந்த மெல்லிய தாளை இரண்டு விரலால் தூக்கி அப்பால் வைத்தாள். கீழே உங்கள் குதிரை நின்றது.

பன்னிரண்டு வருடமாக இந்தப் படச்சாலையில் காவல் நிற்கிறேன். அதில் எட்டு வருடம் உங்களோடு. ஆனாலும் இந்தப் படிப்பறைக்குள் வந்து உட்காருவது இன்றுதான் முதல் தடவை. இன்று எனக்கு லீவு. சீருடை இல்லாமல் முன்வாசலால் வந்தபோது, கதவடியில் நின்றவன், வேலை இல்லாத நாளிலும் இங்கேதானா வருகிறாய் என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தக் கண்காட்சி உங்களுக்கு மறந்திருக்காது. பழைய இங்கிலாந்தின் குதிரைகளும் கமங்களும். உழுகிற குதிரை, வைக்கோல் வண்டி இழுக்கிற குதிரை, லாடம் அடிக்கக் காலைத் தூக்கிக் கொடுத்தபடி நிற்கிற குதிரை, மதுக்கடை வாசலில் எசமானுக்காகக் காத்திருந்து தூங்கி விழுகிற குதிரை. எல்லாம் பென்சிலிலும் மையிலும் நீர்வண்ணத்திலும் தாளில் வரைந்தவை. தாள் வெளிச்சம் தாங்காது என்பதால் அறையை மங்கலாகத்தான் வைத்திருந்தார்கள். வருகிறவர்கள் எல்லாம் விளக்கு பழுதா என்று நம்மிடம் கேட்டார்கள். வெளிச்சம் நிறத்தைத் தின்றுவிடும், அதனால் இவை சில மாதம் சுவரில் தொங்கிவிட்டு வருடக்கணக்காக இருட்டுப் பெட்டிக்குள் படுத்துவிடும் என்று நீங்கள் அலுக்காமல் விளக்குவீர்கள். பிறகு என் பக்கம் திரும்பி, "மூண்டு மாசம் வேலை, மூண்டு வருசம் நித்திரை. உப்பிடி ஒரு ஷிப்ட் எங்களுக்கு ஆர் தாறான்?" என்பீர்கள்.

நீங்கள் நெடுந்தீவு, நான் மன்னார். உங்கள் தீவில் எசமான் இல்லாமல் திரிகிற குதிரைகள், என் ஊரில் தெருத்தெருவாகக் கழுதைகள். "குதிரை இருக்கெண்டு பெருமையடிக்கிறியள், ஒருத்தரும் ஏறினதைக் காணேல்லை" என்று நான் சீண்டினால், "கழுதைக்கு ஊரையே குடுத்த ஆக்கள் கதைக்கக் கூடாது" என்பீர்கள். வேலைக்கு வர மோர்டனில் காலை ரயில் ஏறும்போதே இது தொடங்கிவிடும்.

கண்காட்சி திறந்த முதல் நாள் அறையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து நீங்கள் சொன்னது ஒன்றுதான். "எல்லாத்துக்கும் கயிறு கிடக்குது, தங்கச்சி." உண்மைதான். கழுத்துப் பட்டை, கடிவாளம், சங்கிலி என்று ஏதோ ஒன்று எல்லாவற்றிலும் கிடந்தது. மூலையில் தொங்கிய இந்தச் சின்னப் படத்தில் மட்டும் இல்லை. ஒரு கமத்து முற்றம். வேலை முடிந்து, பட்டையெல்லாம் கழற்றிவிட்ட சாம்பல் நிறப் பெட்டைக்குதிரை. கழுத்தில் பட்டை அழுத்திய தடம் மட்டும் தெரிகிறது. முன்னால் ஒரு மனிதன், கைச்சட்டையை முழங்கை வரை மடித்துவிட்டு, மர வாளியைச் சரித்து இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்திருக்கிறான். பின்னால் கொடியில் உடுப்புக் காய்கிறது. வரைந்தவர் பெயர் தெரியாது என்று பக்கத்து அட்டையில் போட்டிருந்தது.

அந்தக் குதிரை குடித்துவிட்டுத் தலையை நிமிர்த்துகிறதா, குடிக்கத்தான் குனிகிறதா என்பது நமக்குள் தீராத வழக்கு. எதிரே இருந்த அவசர வாசல் விளக்கின் பச்சை ஒளி படத்தின் கண்ணாடியில் பட்டு, சரியாகக் குதிரையின் வாயை மறைத்துவிடும். குனிந்து பார்த்தோம், பக்கத்தால் எட்டிப் பார்த்தோம். கிட்டப் போகவேண்டாம் என்று ஊராரைத் தடுக்கிற நாமே தரையில் கீறிய கோட்டைத் தாண்டி மூக்கை நீட்டினோம். "இன்னும் குடிக்கேல்லை, இனித்தான்" என்று நான் சொன்னால் உங்கள் முகம் மாறிவிடும். நான் அதைப் பகிடி என்றே நினைத்திருந்தேன்.

ஒருநாள் மத்தியானம் ஊழியர் அறையில், சோற்றுப் பெட்டியைத் திறக்காமல் முன்னால் வைத்துக்கொண்டு சொன்னீர்கள். மழை பொய்த்த வருடம். தீவில் நல்ல தண்ணீர்க் கிணறுகள் ஒவ்வொன்றாக உவர்த்துப்போக, உங்கள் வளவுக் கிணற்றின் அடியில் மட்டும் கொஞ்சம் கிடந்தது. சுற்றியிருந்த வீடுகளுக்கெல்லாம் அதுதான். அதைக் காக்கிற வேலை இளந்தாரியான உங்களுக்கு. ஒரு சாம்பல் குதிரை மூன்று நாளாக வந்து கல்வேலிக்கு வெளியே நின்றது. கல்லெடுத்து எறிந்தீர்கள். அது போகவில்லை. மூன்றாம் நாள் எறிந்த கல் கண்ணுக்குப் பக்கத்தில் பட்ட பிறகுதான் விலகியது. அடுத்த நாள் விடியப் பார்த்தால் வேலியின் மறுபக்கத்தில் விழுந்து கிடந்தது.

"அது கேட்டது ஒரு வாளி, தங்கச்சி. ஒரு வாளி குடுத்திருந்தால் ஒருத்தரும் செத்திருக்க மாட்டினம்."

பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாரிடம் சொல்லவில்லையா என்று கேட்டேன். நாம் இரண்டு பேரும் கத்தோலிக்க வேதக்காரர், என் வாயில் அதுதான் முதலில் வந்தது.

"சொன்னால் சுவாமி அது பாவமில்லை எண்டிடுவார். அதுதான் சொல்லேல்லை" என்றீர்கள்.

அதற்குப் பிறகு நான் கட்சி மாறினேன். அது குடித்துவிட்டது, எனக்கு நல்லாகத் தெரிகிறது என்று சாதித்தேன். நீங்கள் நம்பவில்லை. "உமக்கு என்னைப் பாத்துப் பாவமாக் கிடக்குது. கண்ணாலை பாத்துப்போட்டுச் சொல்லும்" என்றீர்கள். பார்க்க முதலே காட்சி முடிந்து, படங்களைக் கழற்றிப் பெட்டிகளில் அடுக்கிக் கொண்டுபோய்விட்டார்கள்.

நீங்கள் ஓய்வு பெற்று இரண்டு வருடத்துக்குள் சிறுநீரகம் கைவிட்டது. கிழமைக்கு மூன்று தரம் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்தம் செய்கிற மெஷினோடு படுக்கை. குடிக்கிற தண்ணீருக்கும் அளவு. மோர்டன் வீட்டுக் குசினியில் உங்கள் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவா, ஒரு போத்தலில் மார்க்கரால் கோடு கீறி வைத்திருந்தா. ஒரு நாளைக்கு அந்தக் கோடு வரைக்கும்தான், தேத்தண்ணியும் அதற்குள் அடக்கம். மிச்ச நேரமெல்லாம் ஐஸ் கட்டியை வாயில் ஒதுக்கிக்கொண்டு இருப்பீர்கள். நான் வந்தால் எனக்கு நிறைய ஊற்றச் சொல்லிவிட்டு, நான் குடிப்பதையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். நான் இரண்டு மிடறோடு கிளாஸை வைத்துவிடுவேன். "கோடு கீறிக் காவல் நிக்கிறா பாத்தீரே? நானும் ஒருக்கால் அப்பிடி நிண்டனான்" என்றீர்கள், அக்காவுக்குக் கேட்காமல்.

அன்றைக்குத்தான் கேட்டீர்கள், அந்தப் படம் திரும்ப எப்போது சுவருக்கு வரும் என்று. இன்னும் ஒன்றிரண்டு வருடமாவது ஆகும் என்று எனக்குத் தெரியும். அவ்வளவு காலம் உங்களிடம் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அப்போதுதான் படிப்பறை ஞாபகம் வந்தது. நேரம் கேட்டு எழுதினால், பெட்டிக்குள் தூங்குகிற எந்தப் படத்தையும் கண்ணாடி இல்லாமல் எடுத்துக் காட்டுவார்கள். அந்த வாசலில் நின்று எத்தனை பேராசிரியர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டிருக்கிறோம். அது நமக்கும் திறக்கும் கதவு என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

விண்ணப்பத்தைக் கொண்டுவந்தேன். பெயர், விலாசம், படத்தின் இலக்கம் எல்லாம் நிதானமாக எழுதினீர்கள். கடைசிக் கட்டத்தில் பேனை நின்றது. இந்தப் படத்தை ஏன் பார்க்க விரும்புகிறீர்கள்?

"ஆராய்ச்சி எண்டு எழுதுங்கோ, அண்ணை. அவங்களுக்கு அதுதான் பிடிக்கும்."

அந்த வசனத்தைத் திரும்ப எடுக்க ஏலாமல்தான் இன்றைக்கும் இருக்கிறேன். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் உங்கள் அகதி விண்ணப்பத்தை நிரப்பித் தந்த ஒருவரும் இதையேதான் சொன்னார். அவங்களுக்குப் பிடிச்ச மாதிரி எழுதுவம் என்று, உங்களுக்கு நடந்தது போதாதென நடக்காத ஒன்றையும் சேர்த்துவிட்டார். பிறகு குரோய்டன் குடிவரவு அலுவலகத்துக்குப் போகிற ஒவ்வொரு தடவையும், ஏன் வந்தாய் என்ற கேள்விக்கு அந்த நடக்காததையும் மனப்பாடம் செய்து ஒப்பிக்க வேண்டியிருந்தது. இதெல்லாம் நீங்களே எனக்குச் சொன்னவை. தெரிந்துகொண்டும் சொன்னேன்.

"அந்தக் குதிரைக்குமோ பொய் எழுதச் சொல்லுறீர்?" என்று தாளை என் பக்கம் தள்ளினீர்கள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப உண்மையை எழுதுங்கோவன். கல்லாலை எறிஞ்சு சாகடிச்சனான், அதுதான் பாக்கோணும் எண்டு எழுதுங்கோ" என்றேன். நீங்கள் ஐஸ் கட்டி போட்ட கிண்ணத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் என் குளிர்க்கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அடுத்த கிழமையே போயிருக்கலாம். மன்னார்க் கழுதை இழுத்தாலும் வராது, தள்ளினாலும் போகாது என்று நீங்கள் சொல்வது பொய்யில்லை. நீங்களே முதலில் எடுக்கட்டும் என்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்களும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று அக்கா பிறகு சொன்னா. இப்படியே ஏழு கிழமை. ஏழாம் கிழமை ஒரு திங்கட்கிழமை போன் அடித்தது. எடுத்தது அக்கா. நீங்கள் போய்விட்டீர்கள் என்று சொல்ல.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து வீட்டுக்கு வந்து, அதே விண்ணப்பத்தை என் பெயரில் எழுதினேன். கடைசிக் கட்டத்துக்கு ஒரு பின்னேரம் முழுதும் போனது. எழுதி எழுதி வெட்டினேன். கடைசியில், இந்தக் குதிரை தண்ணீர் குடித்துவிட்டதா என்று பார்க்க என் நண்பர் ஆசைப்பட்டார், அவர் இப்போது இல்லை, என்று எழுதி அனுப்பினேன். அனுப்பி மூன்று கிழமைக்குள் நாள் தந்து வரச் சொன்னார்கள். அன்றைக்கு உங்கள் குசினி மேசையில் இருந்தே அனுப்பியிருந்தால், நீங்கள் பார்த்துவிட்டு வந்து அக்காவோடு இன்னும் நாலு கிழமை இருந்திருப்பீர்கள்.

இன்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன், ஏன் என்று கேட்கிற அந்தக் கட்டம் எதற்கென்று. மாணவர்கள் எத்தனை பேர் வருகிறார்கள் என்று அறியத்தான் என்றாள். சும்மா பார்க்க ஆசை என்று எழுதுகிறவர்கள் உண்டாம். பலர் ஒன்றும் எழுதாமல் வெறுமையாகவே விட்டுவிடுவார்களாம். "நீங்கள் எழுதியதை வாசித்தேன்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, நான் கேட்காமலே ஒரு பூதக்கண்ணாடியை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

வெறுமையாக விட்டிருக்கலாம், அண்ணை. நம் இருவரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. கேள்வியொன்று அச்சடித்துக் கிடந்தால் பதில் சொல்லியே ஆகவேண்டும், பதில் பிழைத்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பழகிப்போன ஆட்கள் நாம். என்னால் இதைத்தான் தாங்க முடியவில்லை. பன்னிரண்டு வருடம் கதவடியில் நின்றவள், ஒரு வார்த்தை விசாரித்திருந்தால் போதும்.

கண்ணாடியும் இல்லை, பச்சை வெளிச்சமும் இல்லை. குனிந்து பார்த்தேன். குதிரையின் கீழுதட்டுக்கும் வாளிக்கும் நடுவே மூன்று சின்ன வெள்ளைப் புள்ளிகள். வெள்ளைச் சாயமா என்று கேட்டேன். சாயமில்லையாம். வரைந்தவர் அந்த இடங்களில் தூரிகை படாமல் தாளை வெறுமையாகவே விட்டிருக்கிறாராம். வாயிலிருந்து சொட்டுகிற தண்ணீர் அது. தாடைக்குக் கீழே மயிர் நனைந்து ஒட்டியிருக்கிறது. சரிந்த வாளிக்குள் தண்ணீர் நல்லாக இறங்கி, முன்பு நின்ற மட்டத்தில் ஈரக்கோடு தெரிகிறது.

நேரம் முடிகிறது என்று அவள் சொல்லிவிட்டாள். பெட்டியை மூட வேண்டும், குதிரைக்கு இனி இருட்டு. இந்தத் தாளைக் கொண்டுபோய் அக்காவுக்கு வாசித்துக் காட்டப் போகிறேன். கோடு கீறிய அந்தப் போத்தல் இன்னும் குசினி யன்னலடியில் நிற்கிறது. அக்கா அதை எடுக்கவில்லை, எடுங்கோ என்று நானும் சொல்லவில்லை. அதன் முன்னால் அவா எனக்கு நிறைய ஊற்றித் தருகிற தண்ணீரைப் பாதிக்கு மேல் என்னால் குடிக்க முடிவதில்லை.

கண்ணால் பார்த்துவிட்டுச் சொல்லச் சொன்னீர்கள்.

பாத்திட்டன். அது குடிச்சிட்டுது, அண்ணை.