கையெழுத்து வைக்குமுன் வாசிக்கவும்

மருதமுனை,
21.03.1982

அன்பின் மச்சானுக்கு மைமூனா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் மகளும் இருக்கிறோம். தம்மாமில் இப்போதே வெயில் ஏறிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். தலையில் துணி சுற்றாமல் வேலைக்குப் போகாதீர்கள். உங்களுக்கு வெயில் பட்டால் தலையிடி வரும், தலையிடி வந்தால் கோபம் வரும், கோபம் வந்தால் கடிதம் எழுதுவீர்கள்.

போன வெள்ளிக்கிழமை வந்த கடிதம் அப்படித்தான் இருந்தது. நாலு பக்கமும் பாண்டிருப்பு அழகரெத்தினத்தாருக்கு ஏச்சு. எனக்கு ஒரு வரி, மகளுக்கு இரண்டு வரி. பிள்ளையைக் கடித்த அவருடைய நாய்க்குக்கூட எனக்கு எழுதியதை விட அதிகம் எழுதியிருக்கிறீர்கள். பிள்ளையின் காலைக் கெடுத்தவனை வழக்குப் போட்டுக் கோட்டில் ஏற்றாமல் விடமாட்டேன், வளவை விற்றாவது அவன் நட்டஈடு கட்ட வேண்டும், பத்திரத்தை உடனே அனுப்பு, கையெழுத்து வைத்துத் தருகிறேன் என்று சொல்லியிருந்தீர்கள். பத்திரம் இதற்குள் இருக்கிறது. ஆனால் இந்தக் கடிதத்தைக் கடைசி வரை வாசிக்காமல் பேனையை எடுக்க வேண்டாம். கலியாணம் முடித்த இந்தப் பத்து வருஷத்தில் நான் உங்களிடம் இவ்வளவு கெஞ்சி ஒன்றும் கேட்டதில்லை.

முதலில் றாஹிலாவின் செய்தி. காயம் மூடிவிட்டது. நடக்கிறாள். ஆனால் வலது குதிக்கால் இன்னும் நிலத்தில் படவில்லை, விரலில் ஊன்றித்தான் நடக்கிறாள். உள்ளே நரம்பு சுருங்கிவிட்டதாம். தினமும் காலையிலும் மாலையிலும் காலை நீவி இழுத்துப் பழக்க வேண்டும், ஆறு மாதம் பார்த்துச் சரிவராவிட்டால் கொழும்புக்குக் கொண்டு போகலாம் என்று மட்டக்களப்பு டொக்டர் சொன்னார். நான் இழுக்கும்போது கத்துகிறாள். முடிந்ததும் என் மடியிலேயே படுத்துக்கொள்கிறாள். பள்ளிக்கூடத்தில் ஒரு பெட்டை நொண்டி என்று சொன்னதாம். இவள் அந்தப் பெட்டையின் சிலேட்டை உடைத்துவிட்டு வந்திருக்கிறாள். உங்கள் மகள்தான், சந்தேகமே இல்லை.

இனி வழக்குச் செய்தி. கூடப்பிறந்த அண்ணன் என்ற உரிமையில் ஆதம்பாவா காக்காதான் என்னைக் கல்முனைக்குக் கூட்டிப்போனார். சட்டத்தரணி நல்ல மனிசன். நம்ம ஊராட்கள் அவரை இன்னும் பழைய பெயரில் புறக்கிறாசி என்றுதான் சொல்கிறார்கள், அதற்கு அவர் கோபிப்பதுமில்லை. முன்பென்றால் இணக்கசபையில் இரண்டு பக்கத்தையும் இருத்திக் கதைத்து முடித்திருக்கலாம், அதை நிறுத்திவிட்டார்களே என்றார். இப்போது பொலிஸில் முறைப்பாடு கொடுக்கலாம், நாயைக் கட்டி வைக்காத குற்றத்துக்குக் கோட்டில் தண்டப்பணம் விழும், ஆனால் அது அரசாங்கத்துக்குத்தான் போகும், பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்றார். பிள்ளைக்கு வேண்டுமென்றால் நட்டஈட்டு வழக்குப் போட வேண்டும். அதற்கு இரண்டு வருஷம் வரை தவணை இருக்கிறதாம். நீங்கள் வெளிநாட்டில் இருப்பதால் உங்களுக்குப் பதிலாகக் காக்கா நின்று நடத்த அற்றோணிப் பத்திரம் வேண்டுமாம். அதைத்தான் அனுப்பியிருக்கிறேன். காலிதீன் என்று உங்கள் பெயரைப் பெரிய எழுத்தில் தட்டெழுத்தடித்திருக்கிறார்கள். பார்த்தால் நீங்கள் ஒரு முதலாளி மாதிரி இருக்கிறது.

வேலி பிரிந்து கிடந்த வழியால் றாஹிலா அவர்களுடைய வளவுக்குள் குறுக்கே போனாள் என்பதை எதிர்ப்பக்கம் பெரிதாகப் பிடிக்கும், ஆனால் எட்டு வயதுப் பிள்ளைக்கு வேலி தெரியுமா என்று நாம் கேட்கலாம் என்றார். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரித் துண்டை எடுத்து வாசித்தார். காயத்துக்குள் மண் இருந்தது, நாய் இழுத்து விழுத்தியதில் போயிருக்கலாம் என்று டொக்டர் எழுதியிருக்கிறார். இது நமக்கு நல்ல சாட்சி, கால் இப்படியானதற்கு முழுப் பொறுப்பும் நாய்க்காரன் தலையில்தான் என்று சந்தோஷப்பட்டார். கடைசியாக என்னைப் பார்த்து, காயத்துக்கு வீட்டில் என்ன போட்டீர்கள், கூண்டில் ஏறியதும் முதல் கேள்வி அதுதான் வரும் என்றார். காக்கா பக்கத்தில் இருந்தார். தண்ணீர் மட்டும்தான் என்று சொன்னேன்.

மச்சான், அது பொய்.

அன்றைக்கு நடந்ததை முழுக்க எழுதுகிறேன். தை மாதம் பதினைந்தாம் திகதி, குர்ஆன் மதரசா விட்டு வரும் நேரம். நாய் கடித்ததும் அழகரெத்தினத்தாரின் மனைவி கனகேஸ்வரி அக்காதான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தா. கெண்டைக்காலில் இரண்டு பல் நல்ல ஆழமாக இறங்கியிருந்தது. அவ தன் வீட்டுச் சவர்க்காரத்தையும் கையோடு கொண்டுவந்து, இதைப் போட்டுக் கழுவு தங்கச்சி என்று நீட்டினா. எனக்கு அந்த நேரம் காயம் கண்ணில் படவில்லை. நாயின் எச்சில்தான் கண்ணில் பட்டது. பிள்ளையின் பாவாடையெல்லாம் எச்சில், நெஞ்சோடு அணைத்தபடி குர்ஆன் ஓதுகிற ஜுஸுப் புத்தகம். நாய் எச்சில் பட்டால் மார்க்கப்படி ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண்ணால் கழுவ வேண்டும் என்பது மட்டும்தான் தலைக்குள் ஓடியது. சவர்க்காரத்தைத் தட்டிவிட்டேன். கிணற்றடியில் ஆடு கட்டுகிற இடத்தில் ஈரமண்ணை அள்ளி, காயம் என்றும் பாராமல் உரஞ்சித் தேய்த்தேன். நல்ல மண்ணாகப் பார்த்து எடுக்கக்கூட எனக்குப் புத்தி வரவில்லை. பிள்ளை துடித்தாள். அக்கா என் கையைப் பிடித்தா. நான் உதறினேன். அதற்குப் பிறகு ஆறு தரம் தண்ணீர் ஊற்றியும் உள்ளே போன மண் வெளியே வரவில்லை.

மூன்றாம் நாள் கால் வீங்கிச் சீழ் வைத்தது. மட்டக்களப்பில் இரண்டு தரம் வெட்டித் துப்புரவாக்கினார்கள். டொக்டர் மண்ணைப் பார்த்துவிட்டு எப்படி வந்தது என்று கேட்டார். விழுந்திருப்பாள் என்று நான்தான் சொன்னேன். நான் சொன்னதைத்தான் அவர் எழுதினார்.

பிறகு ஒரு நாள், வேறு யாருக்கோ நடந்த மாதிரி, மௌலவியின் மனைவியிடம் கேட்டுப் பார்த்தேன். அவ மௌலவியிடம் விசாரித்துவந்து, நோய் வருத்தம் கூடுமென்றால் திறந்த காயத்தில் மண் தேய்க்க மார்க்கம் சொல்லவில்லை, முதலில் வைத்தியத்தைப் பார்த்திருக்க வேண்டும் என்றா. மார்க்கம் லேசாகத்தான் வைத்திருக்கிறது. நான்தான் என் மடத்தனத்தால் பிள்ளையை வதைத்திருக்கிறேன்.

அந்த நாயின் கதையையும் நீங்கள் அறிய வேண்டும். கடித்த அன்று பின்னேரம் காக்காவும் இன்னும் நாலு பேரும் பொல்லோடு அடித்துக் கொல்லப் போனார்கள். கொன்றால் நாய்க்கு விசர் இருந்ததா என்று பார்க்க ஏலாது, கட்டி வைத்துப் பத்து நாள் பாருங்கள் என்று டொக்டர் மறித்தார். அழகரெத்தினத்தார் நினைத்திருந்தால் நாயை எங்கேயாவது துரத்திவிட்டு, அது தெருநாய், என்னுடையதல்ல என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லியிருந்தால் வழக்குப் போடவே ஆளிருக்காது. அவர் பொலிஸுக்கும் டொக்டருக்கும் என் நாய்தான் என்று சொன்னார். பிள்ளைக்குத் தினமும் தொப்புளைச் சுற்றி ஊசி போட்டார்கள். அந்தப் பத்து நாளும் கனகேஸ்வரி அக்கா, நாய் நல்லாச் சோறு தின்னுது, தண்ணி குடிக்குது என்று சொல்லவென்றே ஆஸ்பத்திரிக்கு வந்தா. மட்டக்களப்புக்குக்கூட இரண்டு பஸ் ஏறி வந்தா. நாய்க்கு விசரில்லை என்று பதினோராம் நாள் ஊசியை நிற்பாட்டினார்கள்.

இப்போது அந்த வீட்டுத் தேங்காயை நம்ம ஊரில் யாரும் வாங்குவதில்லை. காக்கா சந்தையில் வைத்து, பத்துப் பேர் பார்க்க, என் மருமகளை நொண்டியாக்கின குடும்பம் என்று அவர்களை ஏசியிருக்கிறார். அக்காவும் அங்கேதான் நின்றாவாம். நான் மண் தேய்த்ததைக் கண்ணால் கண்டவ அவ ஒருத்திதான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காக்காவின் வாய் அடைத்திருக்கும். சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு தேங்காய்க் கடகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாவாம்.

கேள்விப்பட்டதும் நான் அவ வீட்டுக்குப் போனேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். புள்ள பதறி நிக்கக்குள்ள பெத்தவள் என்ன செய்றாளெண்டு அவளுக்கே தெரியாது தங்கச்சி, என்ட நாய் கடிக்காட்டி நீ மண்ணெடுத்திருப்பியா என்று என்னிடமே திருப்பிக் கேட்டா. அழுதுவிட்டு வந்தேன்.

நான் அவர்களுக்கு ஒரேயடியாக விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. கடித்தது அவர்களுடைய நாய்தான். வேலியை அடைக்காமல் விட்டது அழகரெத்தினத்தார்தான். அதை அவர் முகத்துக்கு நேரேயே சொல்லிவிட்டேன், அவரும் ஓம் என்று ஒத்துக்கொண்டு அடுத்த நாளே வேலி கட்டினார். பிள்ளையைக் கொழும்புக்குக் கொண்டு போவதென்றால் போக்குவரத்துச் செலவு தன்னுடையது என்றும் சொல்லியிருக்கிறார். கடிக்கு அது போதும் என்று நினைக்கிறேன். காலுக்குப் பொறுப்பு நான். அதை அவர்கள் வளவை விற்று வாங்க எனக்கு மனமில்லை.

காக்காவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. அவருடைய கோபம் உங்களுக்குத் தெரியும். தங்கச்சி சொன்னால் கேட்க மாட்டார், மச்சான் எழுதினால் கேட்பார். நீங்கள் ஒரு கடிதம் போட்டால் வழக்கும் நிற்கும், சந்தையில் அந்த மனிசியின் கடகமும் இறங்கும்.

அப்படியல்ல, வழக்குப் போடத்தான் வேண்டும் என்று நினைத்தால் பத்திரத்தில் கையெழுத்து வையுங்கள். நான் தடுக்க மாட்டேன். ஆனால் கோட்டில் குர்ஆனைத் தொட்டுச் சத்தியம் செய்த பிறகு காயத்துக்கு என்ன போட்டாய் என்று கேட்டால், மண் என்றுதான் சொல்வேன். அங்கே, அத்தனை ஆண்களுக்கு நடுவில், முதல் தடவையாக அதைச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அதனால்தான் முதலில் உங்களுக்குச் சொல்கிறேன்.

நீங்கள் பார்த்துப் பார்த்து வளர்த்த பிள்ளை. என்னை நம்பி விட்டுப்போனீர்கள். என்ன ஏச்சு ஏசினாலும் நான் வாங்கிக்கொள்வேன். ஏசக்கூட மனமில்லை என்று கடிதம் போடாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வர இரண்டு கிழமை, மறுமொழி வர இரண்டு கிழமை. அதற்குப் பிறகு தபால்காரன் நம்ம வாசலைத் தாண்டிப் போகிற ஒவ்வொரு நாளையும் நான் எப்படிக் கழிப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை.

அல்லாஹ் உங்கள் கை கால்களுக்குச் சுகத்தையும், மனதுக்குப் பொறுமையையும் தரட்டும். நம்ம பிள்ளையின் குதிக்கால் நிலத்தில் படவேண்டுமென்று தொழுகைக்குப் பிறகு கேளுங்கள். கேட்கும்போது என் பெயரையும் விட்டுவிடாமல் சேர்த்துக்கொள்ளுங்கள் மச்சான்.

இப்படிக்கு,
உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும்
மைமூனா